முட்டுக்கட்டை

தாண்டிக்குடி,
மாசி மாதம்.

சிரஞ்சீவி மாப்பிள்ளைக்கு உன் தாய்மாமன் ஆசீர்வதித்து எழுதியது.  

உன் கடிதம் கிடைத்தது. பெரும்பாறைப் பக்கம் உன் தகப்பனார் நட்டு வளர்த்த காபித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் முற்றியவற்றை இந்த வருஷம் வெட்டி விற்று, பாங்குக் கடனில் பாதியையாவது தீர்த்துவிடுவது என்று நீ தீர்மானித்திருப்பதையும், கட்டைகளை ரோட்டுவரை இழுத்துச் சேர்க்க வாடகை டிராக்டருக்குக் காத்திராமல் என் கொட்டகையில் நிற்கும் பழைய ஜீப்பை எடுத்துக்கொள்ள விரும்புவதையும் அறிந்து சந்தோஷப்பட்டேன். அதே தபாலில் உன் தாயார் எழுதியதும் வந்தது. 'மாமாவிடம் கேட்டு என்ன பிரயோஜனம், எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுவார்' என்று நீ சலித்துக்கொண்டதாக அதில் கண்டிருந்தது. அந்த வார்த்தைக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ஜீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வண்டியின் வம்சம் யுத்தகளத்தில் பிறந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு கம்பெனியாரும் அமெரிக்க ராணுவத்துக்கென்று 6 லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து கொடுத்தார்கள். சண்டை ஓய்ந்ததும் அதே வண்டி தோட்டத்துக்கும் பண்ணைக்கும் உழைக்க வந்துவிட்டது. நம் தேசம் சுதந்திரம் அடைந்த காலத்தை ஒட்டி மஹிந்திரா கம்பெனியார் பம்பாயில் அதன் பாகங்களைத் தருவித்துப் பூட்டத் தொடங்கி, பிற்பாடு இங்கேயே உற்பத்தி செய்யவும் தலைப்பட்டார்கள். நம்முடையது சி.ஜே. 3பி என்னும் வகை. எஞ்சின் உயரம் கூடிவிட்டதால் அதை மூடும் பானெட்டும் மேடிட்ட நெற்றியைப்போல உயர்ந்து நிற்கும். அதன் குதிரைசக்தி எழுபத்துச் சொச்சந்தான். இன்று கடைவீதியில் போகும் சின்னக் கார்களிலே பல அதைவிட அதிக சக்தி உள்ளவை. அப்படியிருக்க, அவை ஏற நினைக்கவும் அஞ்சும் சேற்று மேட்டில் இது கட்டையையும் இழுத்துக்கொண்டு ஏறுகிறதே, அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது?

கியர் கம்பிக்குப் பக்கத்தில் குட்டையாக இரண்டு கம்பிகள் இருக்கின்றன அல்லவா? ஒன்று முன்சக்கரங்களுக்கும் இழுவையைக் கொடுப்பது. மற்றது 'லோ'வில் போடுவது. முதல் கியரில் 2.8, 'லோ'வில் 2.46, ஆக்சிலில் 5.38 என்று மூன்று இடங்களில் பல்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வருகின்றன. மூன்றையும் பெருக்கிப் பார். எஞ்சின் ஏறத்தாழ 37 சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். ஆகவே இந்த வாகனம் தன் வேகத்தையெல்லாம் விலையாகக் கொடுத்துப் பலத்தை வாங்குகிறது என்று சொல்ல வேண்டும். அவசரப்படுகிறவன் கையில் இது வெறும் எழுபது குதிரை வண்டியாகவே இருந்துவிடும்.

இந்தக் கணக்கு எனக்கு இருபத்தெட்டு வயதிலேயே தெரியும், தெரிந்தும் மதிக்கவில்லை. ஒரு தை மாதக் கடைசியில், டிரைலரில் கட்டைகளை ஏற்றிக்கொண்டு பட்டிவீரன்பட்டிக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று வண்டியை நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தேன். நாலாவது வளைவில் கருகிய வாசனை வந்தது. ஐந்தாவது வளைவில் மிதி கால் வைத்த மாத்திரத்தில் தரையைத் தொட்டது. காய்ந்த டிரம்முகளிலே பிடிப்பு என்பது அறவே போய்விட்டிருந்தது. பின்னாலிருந்த டிரைலரோ, அதுவரை நான் இழுத்துவந்த பாரமாக இருந்தது போய், என்னைத் தள்ளுகிற பாரமாக மாறி, ஜீப்பின் பின்பக்கத்தைக் குறுக்கே திருப்பிவிட்டது. மலைப்பக்கத்து மண்சுவரில் மோதி நின்றதனால் நான் இன்று உனக்குக் கடிதம் எழுதுகிறேன். கட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்த சுமைக்காரர் குதித்ததில் அவருக்குக் கால் முறிந்துபோயிற்று. பிற்பாடு ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் வேட்டி வாங்கிக்கொள்ளக் காலைச் சாய்த்துச் சாய்த்து வீட்டுப்படி ஏறும்போது நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். கீழே பார்க்கத் துணிவு வராது. அன்று மிச்சம் பிடித்த பெட்ரோல் அரை லிட்டர் இருக்கலாம்.

ஆகையால், மாப்பிள்ளை, இந்த வண்டி எந்த மேட்டிலும் ஏறுமா என்று கேட்பதை விட்டுவிட்டு, ஏறிய இடத்திலிருந்து பாரத்தோடு எப்படி இறங்கும் என்பதையே கேள். ஏறப் போட்ட கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்களின் தர்மம். தோட்டத்து மண்பாதையில் நாலு சக்கரங்களையும் சேர்த்து 'லோ'வில் போட்டுவிட்டால், எஞ்சினே நாலையும் பிடித்து நிறுத்திக்கொண்டு இறங்கும். பிரேக்குக்கு அநேகமாக வேலையே இராது. ஆனால் காய்ந்த தார் ரோட்டுக்கு வந்ததும் முன்சக்கர இழுவையைக் கழற்றிவிடு. வளைவில் முன்சக்கரம் நடக்கும் தூரம் வேறு, பின்சக்கரம் நடக்கும் தூரம் வேறு. மண்ணானால் சக்கரம் சற்றே வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். தாரில் வழுக்க இடமில்லாமல் அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டின்மேலும் பல்சக்கரத்தின்மேலும் விழும். அங்கே சின்னக் கியரும் சிறிய பாரமுமே உனக்குத் துணை.

பாரம் என்றதும் ஒரு கணக்கு நினைவுக்கு வருகிறது. மரவாடிக்காரர்கள் கட்டையின் சுற்றளவில் நாலில் ஒரு பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கிக் கன அடி சொல்வார்கள். 4 அடிச் சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள கட்டை அவர்கள் புத்தகத்தில் 10 கன அடி. உருளையின் உண்மையான கணக்குப் போட்டாலோ 12.7 கன அடிக்கு மேல் வருகிறது. அறுப்பில் போகும் சிராய்க்கும் தூளுக்கும் என்று அவர்கள் ஒதுக்கும் அந்தச் சேதாரம் பரம்பரையாக வரும் வழக்கம். அதில் சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் ஒன்றை மறவாதே: வியாபாரியின் புத்தகத்தில் ஏறாத அந்த இரண்டே முக்கால் அடியும் உன் வண்டியில் ஏறும். வெட்டிய ஈரம் காயாத மரத்தைத் தண்ணீரின் எடைக்குச் சமமாக வைத்துக்கொள்வதே பத்திரம். ஒரு கன அடித் தண்ணீர் 28 கிலோவுக்கு மேல் என்பதால், அந்த ஒற்றைக் கட்டையே சுமார் 360 கிலோ ஆகிறது. மூன்று கட்டைகளை ஏற்றினாயானால் ஜீப்பின் சொந்த எடை அளவுக்கு இன்னொரு ஜீப் உன்னைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். நடைக்கு இரண்டு கட்டை போதும். நாலு நாள் கூடுதலாக ஆகட்டும்.

இழுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். சங்கிலியைச் சட்டத்தின் பின்கொக்கியில், ஆக்சிலின் உயரத்துக்கு மேல் போகாதபடி மாட்டு. மேலே எங்காவது கட்டி இழுத்தால், கட்டை வேரில் சிக்கும்போது வண்டியின் முன்பக்கம் எழும்பி உன் மேலேயே கவிழ்ந்துவிடும். இழுக்குமுன் கட்டையின் மூக்கைக் கோடாலியால் சுற்றிலும் சீவிவிடச் சொல். மழுங்கிய மூக்கு மண்ணில் குத்தாமல் வழுக்கிக்கொண்டு வரும். கம்பி வடம் போட்டு இழுப்பதானால் நடுவில் ஒரு ஈரச் சாக்கைத் தொங்கவிடு. வடம் அறுந்தால் அது பாம்பாகச் சீறி எழும்பாமல் சாக்கின் கனத்தால் தரையில் விழும். வடம் இறுகும்போது அது எட்டும் தூரத்துக்குள்ளும், கட்டைக்குக் கீழ்ச்சரிவிலும் ஒரு பிராணியும் நிற்கலாகாது.

காபிப் பழம் பறித்து முடிந்து, பூமழை விழுவதற்கு முன்னால் உள்ள இடைவெளியே இந்த வேலைக்குக் காலம். ஜீப்பைத் தோட்டத்துக்குள் செடிவரிசையில் இறக்காதே; பாதையிலேயே நிறுத்திக்கொண்டு நீண்ட வடத்தால் இழு. மிளகுக் கொடி நன்றாக ஏறிய மரத்தை எத்தனை விலை சொன்னாலும் தொடாதே. அது வருஷாவருஷம் வட்டி கொடுக்கும் மரம். 1955-ஆம் வருஷத்திலிருந்து மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கிறது. வெட்டுவதற்கு அனுமதியும், கட்டையை மலையிறக்குவதற்குப் பாஸும் கையில் வந்த பிறகே முதல் கோடாலி விழ வேண்டும். ஆர்.சி. புத்தகம் சொந்த உபயோகத்துக்கு என்றே இருப்பதால் அடுத்தவர் கட்டையைக் கூலிக்கு ஏற்றாதே.

தினமும் காலையில் வண்டியை எடுக்குமுன் பிரேக் மிதியை அமுக்கிப் பிடித்தபடி பத்து எண்ணு. கால் மெல்ல மெல்லக் கீழே தாழ்ந்தால் எங்கோ எண்ணெய் கசிகிறது. அன்று வண்டி கொட்டகையிலேயே நிற்கட்டும். நாலு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர். ஒரு குழாய் போனால் நாலும் போயிற்று. ஓடையில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் தண்ணீர் நிற்கும். கரையேறியதும் லேசாக நாலைந்து முறை மிதித்துக் காயவிட்டுப் போ. பின் ஸ்பிரிங் பட்டைகளில் விரிசல் உண்டா என்று வாரம் ஒருமுறை மண்ணைத் தட்டிப் பார்.

இனி நீ சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். இந்த ஜீப்பின் கைபிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. அடியில் பின்பக்கம் போகும் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. மேடுபள்ளத்தில் ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் தூக்கி நின்றாலோ, வழுக்குச் சேற்றில் நின்றாலோ, ஷாஃப்டு அசையாமல் இருக்கும்போதே அந்தச் சக்கரம் ஒருபுறமும் மற்றது எதிர்ப்புறமும் சுழன்று, வண்டி தன்பாட்டில் உருளத் தொடங்கிவிடும். கைபிரேக்கை இழுத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் கீழே இறங்கிச் சங்கிலி மாட்டுகிறவன் இருக்கும் இடமோ சரியாக அந்த உருளும் பாதை. அதற்குப் பரிகாரமாக நான் உனக்குச் சொல்வது ஒன்றே: சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வை.

டிரைவர் ஸீட்டுக்கு அடியில் கை விட்டுப் பார். புளிய மரத்து வைரத்தில் செதுக்கி, கயிற்றுப் பிடி போட்ட ஒரு முட்டுக்கட்டை இருக்கும். கால் முறிந்த அந்தச் சுமைக்காரர், எழுந்து நடமாடத் தொடங்கிய முதல் மாதத்தில், தாமே உளி பிடித்துச் செதுக்கிக் கொண்டுவந்து, ஒரு வார்த்தை பேசாமல் அங்கே வைத்துவிட்டுப் போனது அது. ஒரு பக்கம் டயர் அழுத்தி அழுத்தி வழவழவென்று ஆகிவிட்டது. நம் ஜனங்கள் காரியத்தைக் கெடுப்பவனுக்கு அதன் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். சமவெளியில் வண்டி ஓட்டியவர்கள் வைத்த பெயராக இருக்க வேண்டும். நீ அந்தப் பெயரால் என்னைச் சொன்னதில் எனக்கு மனஸ்தாபம் சிறிதுமில்லை.

வண்டியை வரும் வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். ஏற்றத்தைப் பார்த்து நிறுத்தினால் கட்டை சக்கரத்துக்குப் பின்னால். இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் முன்னால். மாற்றி வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் மாமன்.