இரவில் வலிக்கும் எலும்பு: ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமாவை அறிவோம்

வளரும் பிள்ளைகள் கால் வலிக்கிறது என்றால், ஓடி விளையாடிய அசதி என்று எண்ணி எண்ணெய் தேய்த்து விடுவது நம் வீடுகளில் வழக்கம். பெரும்பாலான வலிகள் அவ்வாறே ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். ஆனால், ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நீடித்து, இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலிக்குக் காரணம் தேட வேண்டும். அத்தகைய காரணங்களுள் ஒன்று, ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்னும் அரிய எலும்புக் கட்டி.

கட்டியின் இயல்பு

அமெரிக்க மருத்துவர் ஹென்றி ஜாஃபே 1935-இல் இதனைத் தனி நோயாக வரையறுத்தார். ‘கட்டி’ என்றதும் அஞ்ச வேண்டியதில்லை. இது புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. பிற உறுப்புகளுக்குப் பரவுவதும் இல்லை. பெரும்பாலும் 5 முதல் 25 வயதுக்குட்பட்டோருக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, தொடையெலும்பிலோ கணைக்கால் எலும்பிலோ தோன்றுகிறது. கட்டியின் மையம் ஒரு சுண்டைக்காய் அளவே, பொதுவாக 1.5 சென்டிமீட்டருக்கும் குறைவாகவே, இருக்கும்.

இத்துணைச் சிறிய கட்டி அவ்வளவு வலிப்பது ஏன்? அது புராஸ்டாகிளான்டின் என்னும் வேதிப்பொருளை மிகுதியாகச் சுரந்து நரம்புகளைத் தூண்டுகிறது. இபுபுரூபன் போன்ற மாத்திரைகள் அப்பொருள் உண்டாவதைத் தடுப்பதால் வலி விரைவில் தணிகிறது.

மாத்திரை தரும் குறிப்பு

இவ்வாறு தணிவது மருத்துவருக்கு நல்லதொரு துப்பு. ஆனால், ‘மாத்திரை போட்டால் சரியாகிவிடுகிறதே’ என்று மாதக்கணக்கில் இருந்துவிடலாகாது. நாள்பட்ட வலியால் பிள்ளை நொண்டி நடக்கலாம். கால் தசை மெலியலாம். கட்டி முதுகெலும்பில் இருந்தால் முதுகு ஒருபுறம் வளையலாம். தாமாகவே வாங்கித் தொடர்ந்து உண்ணும் வலிமாத்திரைகள் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும். மருத்துவர் கூறாமல் சிறுவர்களுக்கு ஆஸ்பிரின் தரவே கூடாது.

பரிசோதனையும் சிகிச்சையும்

எக்ஸ்ரேயில் இக்கட்டி சில வேளைகளில் புலப்படாது, சி.டி. ஸ்கேன் அதன் மையத்தைத் தெளிவாகக் காட்டும். எலும்பில் சீழ், காசநோய், புற்றுநோய் ஆகியவையும் இரவு வலியைத் தரக்கூடும் என்பதால் பரிசோதனை இன்றியமையாதது.

சிலருக்குச் சில ஆண்டுகளில் கட்டி தானாகவே அடங்கிவிடும். அதுவரை மருத்துவர் கண்காணிப்பில் மாத்திரை போதும். வலி மிகுந்தோருக்கு, ஸ்கேன் வழிகாட்டுதலில் மெல்லிய ஊசியைச் செலுத்தி, ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சில நிமிடங்களில் கட்டியைச் சுட்டழிக்கும் முறை 1990-களிலிருந்து கையாளப்படுகிறது. பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். ஊசி செலுத்த இயலாத இடங்களில் அறுவை சிகிச்சை செய்யப்படும். சிலருக்குக் கட்டி மீண்டும் வரலாம் என்பதால் மறுபரிசோதனையைத் தவறவிடலாகாது.

குடும்பத்தார் கவனத்திற்கு

• வலிக்கும் இடம், நேரம், தந்த மாத்திரை, அது தணிந்த விதம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து வாருங்கள்.
• காரணம் தெரியுமுன் அவ்விடத்தை அழுத்தித் தேய்ப்பதையும் கட்டுப் போடுவதையும் தவிருங்கள்.
• வீக்கம் பெருகினாலோ, காய்ச்சல் அல்லது உடல் மெலிவு இருந்தாலோ உடனே வாருங்கள்.

பாபநாசம் முதல் புன்னக்காயல் வரை தாமிரபரணிக் கரையில் வாழ்வோர், முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகலாம். மேல் பரிசோதனை தேவைப்பட்டால், பாளையங்கோட்டையிலுள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவை நாடலாம். பிள்ளை இரவில் வலியென்று எழுப்பினால், அச்சொல்லை நம்புங்கள்.