மீனைக் காட்டும் எதிரொலி

ஆழ்ந்த கிணற்றின் விளிம்பில் நின்று குரல் கொடுத்தால் அக்குரல் நமக்கே திரும்பி வருவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இந்த எளிய எதிரொலியே இன்று சிறு மீன்பிடி படகுகளிலும் காணப்படும் மீன்காணும் கருவிக்கு அடிப்படை. இதனை எக்கோ சவுண்டர் என்றும், பிஷ் பைண்டர் என்றும் அழைப்பர். காசு கொடுத்தால் கருவி கிடைத்துவிடும். ஆனால் பொருந்தாத கருவியை வாங்கினாலோ, தகாத இடத்தில் பொருத்தினாலோ திரையில் வெறும் புள்ளிகளே தெரியும். ஆழத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால் படகு தரை தட்டவும் கூடும். இவற்றைத் தவிர்க்க, நீங்கள் பள்ளியில் படிக்கும் ஒலியியலே போதுமானது.

வரலாறு

1826-இல் கொலடான், ஸ்டர்ம் என்னும் இருவர் ஜெனீவா ஏரியில் நீரினுள் மணி அடித்து, நீரில் ஒலியின் வேகத்தை அளந்தனர். சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றுவதை 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டனர். முதல் உலகப் போரின்போது, நீர்மூழ்கிகளைக் கண்டறிவதற்காக லாங்கெவின் இப்படிகங்களைக் கொண்டு நீரினுள் மீயொலியை உண்டாக்கினார். நார்வே நாட்டின் சுண்ட் என்பவர் காட் மீன் கூட்டங்களின் எதிரொலிப் பதிவுகளை 1935-இல் வெளியிட்டார். ஜப்பானில் நாகசாகிப் பகுதியைச் சேர்ந்த புருனோ நிறுவனம் 1948-இல் மீன்காணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கருவி வேலை செய்யும் விதம்

படகின் அடியில் பொருத்தப்படும் உறுப்பு டிரான்ஸ்டியூசர், அதாவது ஆற்றல் மாற்றி எனப்படும். இதனுள் இருக்கும் வட்டத் தகடு மின்துடிப்பைப் பெற்றதும் அதிர்ந்து மீயொலியை அனுப்புகிறது. திரும்பி வரும் எதிரொலி அதே தகட்டை அதிரச் செய்து மின்துடிப்பாக மாறுகிறது. ஆகவே ஒரே தகடு வாயாகவும் காதாகவும் பயன்படுகிறது.

கடல்நீரில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர். எதிரொலி 0.04 வினாடியில் திரும்பினால் ஒலி கடந்த தொலைவு 60 மீட்டர். போகவும் வரவும் ஆன தொலைவு இது. எனவே ஆழம் அதில் பாதி, 30 மீட்டர்.

மீனின் உடல் பெரும்பாலும் நீர்தானே, அது எவ்வாறு எதிரொலிக்கிறது? சாளை போன்ற பல மீன்களின் உடலுக்குள் காற்றுப் பை உண்டு. நீரிலிருந்து காற்றுக்குச் செல்ல முயலும் ஒலி ஆற்றலில் ஏறத்தாழ 99.9 விழுக்காடு திருப்பி அனுப்பப்படுகிறது. ஆகவே நாம் திரையில் காண்பது பெரும்பாலும் மீனின் தசையையன்று, அதனுள் இருக்கும் காற்றையே. சுறாவுக்கும் திருக்கைக்கும் காற்றுப் பை இல்லை. அதனால் அவை உடலளவுக்கு ஏற்ற வலிமையுடன் திரையில் தெரிவதில்லை.

எந்த அதிர்வெண்?

வாங்குவோர் முதலில் கவனிக்க வேண்டியது அதிர்வெண். 50 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோஹெர்ட்ஸ் ஆகிய இரண்டும் பெருவழக்கில் உள்ளவை. வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். முதலாவதற்கு 30 மில்லிமீட்டர், இரண்டாவதற்கு 7.5 மில்லிமீட்டர். குறுகிய அலை நுண்ணிய விவரங்களைக் காட்டும். ஆனால் கடல்நீர் உயர் அதிர்வெண்ணை விரைவில் உறிஞ்சிவிடுகிறது. எனவே ஆழம் குறைந்த கரையோரக் கடலுக்கு 200, நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு 50 எனக் கொள்ளலாம். தாழ்விலிருந்து உயர்வுக்கு அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே ஒலிக்கும் சிர்ப் வகைக் கருவிகளும் இப்போது உள்ளன. நெருங்கி நீந்தும் மீன்களை இவை நன்கு பிரித்துக் காட்டும்.

அடுத்தது ஒலிக்கூம்பின் கோணம். கோணம் 20 பாகை எனில், 30 மீட்டர் ஆழத்தில் ஒலி படும் வட்டத்தின் விட்டம் சுமார் 10.6 மீட்டர். 45 பாகை எனில் சுமார் 25 மீட்டர். அகன்ற கூம்பு அதிக இடத்தைத் துழாவும். ஆனால் மீன் அந்த வட்டத்தில் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாது. கருவியின் திறன் இருமடங்கானால் எட்டும் ஆழமும் இருமடங்காகிவிடும் என்று எண்ணாதீர்கள். ஒலி போகும்போதும் வரும்போதும் பரவி மெலிகிறது; நீரும் அதனை உறிஞ்சுகிறது.

எங்கே பொருத்துவது?

மீனைக் காட்டிக் கொடுக்கும் அதே காற்றுதான் இங்கே பகையாகிறது. டிரான்ஸ்டியூசரின் முகத்துக்கு அடியில் நீர்க்குமிழிகள் ஓடினால், ஒலி அங்கேயே திரும்பிவிடும். ஆகவே, படகு விரைந்து செல்லும்போதும் குமிழியற்ற நீர் ஓடும் இடத்தைத் தேட வேண்டும்.

சிறு படகில் பின்பலகையில் பொருத்துவதே எளிது. புரொப்பெல்லரிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டராவது விலகியிருக்கட்டும். அதன் இதழ்கள் கீழ்நோக்கி இறங்கும் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். பின்னாலிருந்து பார்க்கையில் வலஞ்சுழியாகச் சுற்றினால் அது வலப்பக்கம். முன்னால் ஆணித்தலையோ, வரம்போ, நீர்த்துளையோ இருத்தலாகாது; அவை குமிழிகளை உண்டாக்கும். முகம் படகின் அடிமட்டத்துக்குச் சில மில்லிமீட்டர் கீழே, நேராகக் கடலடியை நோக்கி இருக்க வேண்டும். திருகுத் துளைகளைக் கடல்நீர் தாங்கும் பசையால் அடைக்காவிட்டால் நீர் உட்புகுந்து பலகை கெடும்.

முழுவதும் கண்ணாடியிழையால் ஆன அடித்தளம் எனில், துளையே இல்லாமல் உட்புறத்தில் ஒட்டிவிடலாம். ஒலி தளத்தை ஊடுருவிச் செல்லும். பசையில் ஒரு காற்றுக்குமிழியும் இருக்கக்கூடாது. தளத்தின் நடுவே நுரைப்பொருளோ மரமோ இருந்தால் இம்முறை பயன்படாது. ஒட்டுவதற்கு முன் சோதிக்க ஒரு வழி உண்டு. பிளாஸ்டிக் பையில் நீர் நிரப்பித் தளத்தின்மேல் வைத்து, டிரான்ஸ்டியூசரின் முகத்தை அப்பையின்மேல் அழுத்திப் பாருங்கள். அடித்தளமும் நனைந்திருக்கட்டும். கடலடி தெளிவாகத் தெரிந்தால் அதுவே தக்க இடம்.

அலுமினியப் படகில் வெண்கல உறையுள்ள டிரான்ஸ்டியூசர் ஆகாது. இரு உலோகங்களும் உப்புநீரும் சேர்ந்து ஒரு மின்கலமாகி, அலுமினியத்தை அரித்துவிடும். கருவியின் கம்பியை எஞ்சின் கம்பிகளோடு சேர்த்துக் கட்டினால் திரையில் இரைச்சல் புள்ளிகள் தோன்றும்.

திரையைப் படித்தல்

திரையின் கிடைமட்ட அச்சு நேரத்தைக் குறிக்கிறது, தொலைவையன்று. வலது ஓரத்தில் இருப்பதே இப்போதைய செய்தி. மீன் பெரும்பாலும் வில்போலத் தெரிவது ஏன்? 20 மீட்டர் ஆழத்தில் அசையாது நிற்கும் மீனைப் படகு கடந்து செல்வதாகக் கொள்ளுங்கள். மீன் 5 மீட்டர் பக்கவாட்டில் இருக்கும்போது, பிதாகரஸ் தேற்றப்படி அதன் தொலைவு 20.6 மீட்டர். படகு நேர்மேலே வந்ததும் 20 மீட்டர். விலகியதும் மீண்டும் 20.6 மீட்டர். இம்மாற்றமே வில்லாகிறது. படகும் மீனும் அசையாதிருந்தால் நேர்கோடுதான் தெரியும்.

இறுதியாக, எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கை. கருவி அளப்பது டிரான்ஸ்டியூசரின் முகத்திலிருந்து உள்ள தொலைவை. முகம் நீர்மட்டத்துக்கு 0.4 மீட்டர் கீழேயும், புரொப்பெல்லரின் அடி 0.9 மீட்டர் கீழேயும் இருப்பதாகக் கொள்வோம். திரையில் 0.5 மீட்டர் என்று காணும்போதே புரொப்பெல்லர் மணலைத் தொட்டிருக்கும்! இந்த 0.5 மீட்டரைக் கழித்துக் காட்டும்படி கருவியில் முதலிலேயே அமைத்துவிட வேண்டும்.

நீங்களே கணக்கிடுங்கள்: மேற்சொன்ன படகில், கழித்தல் அமைப்பு செய்யப்படவில்லை. எதிரொலி 0.004 வினாடியில் திரும்புகிறது. திரை காட்டும் ஆழம் என்ன? நீரின் உண்மையான ஆழம் என்ன? புரொப்பெல்லருக்கு அடியில் உள்ள இடைவெளி எவ்வளவு?

விடை: 3 மீட்டர், 3.4 மீட்டர், 2.5 மீட்டர்.