நம்ம ஊர்ப் பதிவேட்டில் நம்ம பேரு எங்கே இருக்கு?



குழுவில் சேமிப்பு நோட்டு, கடன் நோட்டு, தீர்மான நோட்டு என்று எத்தனை நோட்டு எழுதுகிறோம்! ஒரு நோட்டில் பிழை இருந்தால்கூட கண்டுபிடித்துத் திருத்துகிறோம். ஆனால் நம்மைப் பற்றி அரசாங்கம் எழுதி வைத்திருக்கும் நோட்டுகளை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள், வீடு யார் பேரில் இருக்கிறது, யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் ஏதோ ஒரு ஆபீஸில் பதிவாகி இருக்கிறது. அதை எங்கே, எப்படித் தேடுவது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

முதலில் ஒரு அக்காவின் கதையைக் கேளுங்கள். பேரூர் ஒன்றில் இருக்கிறவர். பேரும் ஊரும் வேண்டாம்.

ஒரு கையெழுத்து

அந்த அக்காவின் மாமனார் 2016-ல் இறந்தார். கணவர் 2021-ல் இறந்தார். பள்ளிக்கூடம் போகும் 2 பிள்ளைகள். மாமனார் கட்டிய வீட்டில்தான் மாமியார், கொழுந்தனார் குடும்பம், இவர் என்று எல்லோரும் இருந்தார்கள். ஒருநாள் கொழுந்தனார் ஒரு பத்திரத்தோடு வந்தார்.

"மதினி, இதுல ஒரு கையெழுத்து போடுங்க. லோன் வாங்கணும், சும்மா பார்மாலிட்டிதான்."

அக்கா போட்டிருப்பார். அன்றைக்கு வாரக் கூட்டம் இருந்ததால், "குழுவுல காட்டிட்டு வந்து போடறேன் தம்பி" என்று சொல்லிவிட்டார். கூட்டத்தில் படித்துப் பார்த்தால், அது விடுதலைப் பத்திரம். அதாவது, "இந்த வீட்டில் எனக்குள்ள உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்" என்று எழுதிக் கொடுப்பது.

"எனக்கு என்னக்கா உரிமை இருக்கு? வீடு மாமனார் பேர்லல்ல இருக்கு?" என்று அந்த அக்காவே கேட்டார். அதற்குப் பதில் குழுவில் யாருக்கும் தெரியவில்லை. "சண்டை போட வேண்டாம், கையெழுத்தும் போட வேண்டாம். முதல்ல என்னென்ன பதிவு இருக்குன்னு பாத்துருவோம்" என்று ஊக்குநர் சொன்னார். இப்படித்தான் தேடல் ஆரம்பித்தது.

ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி

"இன்னார் பேர்ல என்னென்ன இருக்குன்னு சொல்லுங்க சார்" என்று எந்த ஆபீஸில் கேட்டாலும் பதில் கிடைக்காது. பதிவேடுகள் ஆள் பேரை மட்டும் வைத்து அடுக்கப்படுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி உண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு போனால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

சோழவந்தானையே எடுத்துக்கொள்வோம். பேரூராட்சி ஆபீஸ் ஊருக்குள்ளேயே இருக்கிறது. தாலுகா ஆபீஸ் வாடிப்பட்டியில். கலெக்டர் ஆபீஸ் மதுரையில். எந்தக் காகிதத்துக்கு எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் கிளம்பினால் பஸ் காசும் ஒருநாள் கூலியும் போச்சு. அதனால் கிளம்புவதற்கு முன் கீழே உள்ளதைப் படியுங்கள்.

1. பிறப்பு, இறப்புப் பதிவு. சாவி: தேதியும் நடந்த இடமும்

1969-ம் ஆண்டுச் சட்டப்படி எல்லாப் பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்தாக வேண்டும். நன்றாகக் கவனியுங்கள்: குடியிருக்கும் ஊரில் அல்ல, சம்பவம் நடந்த ஊரில்தான் பதிவாகும். நம் அக்கா மாமனாரின் இறப்புச் சான்றுக்காக முதலில் தங்கள் பேரூராட்சியில்தான் கேட்டார். அங்கே பதிவு இல்லை. பிறகுதான், "அவரு மதுரை ஆஸ்பத்திரியிலல்ல இறந்தாரு" என்று நினைவு வந்தது. மதுரை மாநகராட்சிப் பதிவில் தேடியதும் கிடைத்துவிட்டது.

21 நாளுக்குள் தகவல் கொடுத்துப் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. அதன்பின் தாமதக் கட்டணம் உண்டு. 30 நாள் தாண்டினால் மேலதிகாரியின் அனுமதி வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் மனுக் கொடுத்து உத்தரவு வாங்க வேண்டியிருக்கும். வீட்டிலேயே இறந்த பெரியவர்களுக்குத்தான் பதிவு விட்டுப்போகிறது. காரியம் முடிந்ததும் செய்யலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

பிள்ளை பிறந்ததைப் பதிந்துவிட்டுப் பெயர் சேர்க்க மறந்தவர்களும் நம்மில் உண்டு. ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். எனவே எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

2. வில்லங்கச் சான்று. சாவி: சர்வே எண்

வீடு, மனை, நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பது சார்பதிவாளர் ஆபீஸில் (நாம் ரிஜிஸ்டர் ஆபீஸ் என்கிறோமே, அதுதான்) இருக்கும். எந்த ஆபீஸ் என்பது பழைய பத்திரத்தில் உள்ள முத்திரையைப் பார்த்தால் தெரியும். வில்லங்கச் சான்றுக்கு அதைக் கேட்பவர் உரிமையாளராக இருக்க வேண்டும் என்றில்லை, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பதிவுத்துறையின் இணையதளத்தில் கட்டணமில்லாமலே பார்க்கலாம். படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் செல்போனிலேயே எடுத்துக் கொடுத்துவிடும். கிராமம், சர்வே எண், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்பது தெரிந்தால் போதும்.

நம் அக்கா பார்த்தபோது, மாமனார் 1983-ல் மனை வாங்கிய கிரயம் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. விற்கவும் இல்லை, யாருக்கும் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்கவும் இல்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. வில்லங்கச் சான்றில் எல்லாமே வந்துவிடாது. பதிவு செய்யாத பத்திரம் வராது. வாய்மொழியாகப் பாகம் பிரித்தது வராது. உயிலும் வராது. பதிவு செய்த உயில் தனிப் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை மற்றவர்களுக்குக் காட்ட மாட்டார்கள். அவர் இறந்த பிறகு இறப்புச் சான்றைக் காட்டி நகல் கேட்கலாம். பதிவு செய்யாத உயிலும் சட்டப்படி செல்லும் என்பதால், "அப்பா உயில் எழுதி வச்சிருக்காரு" என்று யாராவது சொன்னால், "காட்டுங்க, பாப்போம்" என்று கேளுங்கள். பார்க்காமல் நம்பவும் வேண்டாம், பார்க்காமல் மறுக்கவும் வேண்டாம்.

3. பட்டா. சாவி: பட்டா எண் அல்லது சர்வே எண்

பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அதற்கு தாலுகா ஆபீஸ். நகர நில அளவை முடிந்த ஊர்களில் வார்டு எண், பிளாக் எண், நகர சர்வே எண் கேட்பார்கள். பட்டாவையும் அரசின் இ-சேவை இணையதளத்தில் பார்க்கலாம்.

பல வீடுகளில் இன்னும் தாத்தா பேரிலேயே பட்டா ஓடிக்கொண்டிருக்கிறது. பேர் மாற்றாததால் உரிமை போய்விடாது. அதேபோல, ஒருவர் தன் பேருக்குப் பட்டா மாற்றிக்கொண்டார் என்பதாலேயே மற்ற வாரிசுகளின் உரிமையும் போய்விடாது. பேரூராட்சியில் கட்டும் வீட்டு வரி ரசீதும் அப்படித்தான். வரி கட்டியதற்கு அது சாட்சி. வீடு அவருடையதுதான் என்பதற்கு முழுச் சாட்சி ஆகாது.

4. வாரிசுச் சான்று. சாவி: இறப்புச் சான்று

தாசில்தார் கொடுப்பது. இ-சேவை மையம் மூலம் விண்ணப்பிக்கலாம். நம் அக்கா வீட்டில் மாமனாருக்கு 2017-லேயே வாரிசுச் சான்று வாங்கியிருந்தார்கள். அந்த நகலைத் தேடி எடுத்ததும் விஷயம் தெளிவானது. அதில் 3 பேர் இருந்தார்கள்: மாமியார், கணவர், கொழுந்தனார்.

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மாமனார் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவர் சொந்தமாக வாங்கிய சொத்தில் மனைவிக்கும், மகன், மகள்களுக்கும் சம பங்கு. ஆக, கணவருக்கு மூன்றில் ஒரு பங்கு. கணவரும் இறந்துவிட்டதால் அந்தப் பங்கு அவருடைய மனைவி, 2 பிள்ளைகள், தாயார் ஆகிய 4 பேருக்கும் சமமாகப் போகும். "எனக்கு என்ன உரிமை இருக்கு" என்று கேட்டவருக்கு இதுதான் பதில். பிள்ளைகளுக்கு 18 வயது ஆகவில்லை. அவர்கள் பங்கை அம்மாவே ஆனாலும் கோர்ட் அனுமதி இல்லாமல் விட்டுக்கொடுக்க முடியாது.

(முஸ்லிம், கிறிஸ்தவ சகோதரிகளுக்கு வாரிசுச் சட்டம் வேறு. பங்குக் கணக்கு மாறும். ஆனால் பதிவுகளைத் தேடும் வழி எல்லோருக்கும் ஒன்றுதான்.)

கணவருக்கு மட்டும் அக்கா வாரிசுச் சான்று வாங்கவே இல்லை. 2021-லிருந்து "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டது. இதுதான் அவர் பக்கத்துக் குறை. உடனே விண்ணப்பித்தார்.

5. வாக்காளர் பட்டியல். சாவி: தொகுதியும் பாகம் எண்ணும்

இது பொதுப் பதிவு. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வீட்டு எண், வயது, தந்தை அல்லது கணவர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். ஓட்டுப் போட மட்டும் அல்ல, இன்னார் இந்த ஊரில் குடியிருந்தார் என்று காட்டவும் பழைய பட்டியல் உதவும். கல்யாணமாகிப் போன மகள் பேர் எந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். இரண்டு ஊரிலும் இல்லாமல் போன பெண்கள் உண்டு.

கொடுக்க மாட்டேன் என்றால்?

2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் மனு எழுதி 10 ரூபாய் கோர்ட் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதே துறையில் மேல்முறையீடு, பிறகு மாநிலத் தகவல் ஆணையம். "ஏன் கொடுக்கவில்லை?" என்று கேட்பதைவிட, "இந்த வருடம், இந்த எண்ணுள்ள பதிவின் நகல் வேண்டும்" என்று கேட்பதே பலன் தரும். மனுக் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

மானியத் திட்டங்களில் யார் யார் பயன் பெற்றார்கள் என்ற விவரத்தை அரசு அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும் என்றும் இதே சட்டம் சொல்கிறது. பேரூராட்சியில் வீட்டு மானியம் யாருக்குக் கிடைத்தது என்று கேட்பது வம்பு இல்லை, உரிமை.

எதைத் தேடக் கூடாது?

பக்கத்து வீட்டுக்காரரின் ஆதார் எண், பேங்க் கணக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டு இவை பொதுப் பதிவுகள் அல்ல. இறப்புப் பதிவிலிருந்து கொடுக்கும் நகலில்கூட, எதனால் இறந்தார் என்பதை வெளியிடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. நம் காகிதத்தை இன்னொருவர் தோண்டினால் நமக்கு எப்படி இருக்கும்? அதை நினைத்துக்கொண்டு தேடுங்கள். குழுவில் ஒரு சகோதரியின் குடும்பக் காகிதத்தைப் பார்த்தால், கூட்டத்தோடு அந்தப் பேச்சு முடிய வேண்டும்.

அந்த அக்கா என்ன ஆனார்?

விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. கொழுந்தனாரும் கெட்டவர் அல்ல, கடன் நெருக்கடி. காகிதங்களை முன்னால் வைத்து, "தம்பி, லோன் வாங்குங்க, வேண்டாங்கல. ஆனா எம்புள்ளைக பங்கு என்னன்னு எழுதி வச்சுட்டு வாங்குங்க" என்றார். வட்ட சட்டப் பணிகள் குழுவில் வக்கீல் உதவி கேட்டார். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாகவே அந்த உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். பேச்சுவார்த்தை இன்னும் நடக்கிறது. ஆனால் முன்பு அடுப்படியில் நின்று கேட்டவர், இப்போது பங்குதாரராக உட்கார்ந்து பேசுகிறார்.

இந்த மாதம் குழுவில் செய்ய வேண்டியது

* ஒவ்வொருவரும் ஒரு பழைய நோட்டில் எழுதுங்கள்: குடும்பத்தில் இறந்தவர்களின் பேர், தேதி, இறந்த இடம், வீட்டின் சர்வே எண், பட்டா எண், பத்திர எண், வருடம், வீட்டு வரி எண், வாக்காளர் பட்டியல் பாகம் எண்.
* நிரப்ப முடியாத இடத்தில் கோடு போடுங்கள். அதுதான் நீங்கள் தேட வேண்டியது.
* எல்லாக் காகிதத்திலும் பேரும் இனிஷியலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று இரண்டு பேராக உட்கார்ந்து சரிபாருங்கள்.
* ஆபீஸுக்குப் போகும்போது 2 பேராகப் போங்கள். அசலைக் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் கொடுங்கள்.

கூட்டத்தில் பேசிப் பார்க்க

1. மதுரை ஆஸ்பத்திரியில் பிறந்த சோழவந்தான் குழந்தைக்குப் பிறப்புச் சான்று எங்கே வாங்க வேண்டும்?
2. வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்றால், சொத்தில் சிக்கலே இல்லை என்று சொல்லலாமா?
3. வீட்டு வரி ரசீது அண்ணன் பேரில் இருக்கிறது. தங்கைக்குப் பங்கு இல்லை என்பது சரியா?

பதில் மூன்றும் இந்தப் பாடத்திலேயே இருக்கிறது. வாசிக்கத் தெரிந்த சகோதரி மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒன்று மட்டும் எல்லோர் மனதிலும் நிற்கட்டும்: படித்துப் பார்க்காத காகிதத்தில், யார் நீட்டினாலும், கையெழுத்துப் போடாதீர்கள்.