பெஞ்சில் இருப்பவர் எப்போது ஆட வேண்டும்?

பத்தாம் வகுப்பு மாணவி, பள்ளிக் கால்பந்துக் குழு

ஆட்டக்களத்தின் ஓரத்தில் ஒரு நீண்ட பெஞ்சு போடப்பட்டிருக்கும். கோல் அடித்தவரை எல்லோரும் அறிவர். கோலைத் தடுத்தவரையும் ஓரளவு அறிவர். அந்தப் பெஞ்சில் அமர்ந்திருப்பவரை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. மாற்று ஆட்டக்காரர் என்று விதிப்புத்தகம் அவரைக் குறிப்பிடுகிறது. நாங்கள் 'எக்ஸ்ட்ரா' என்போம். அந்தச் சொல்லே 'தேவைக்கு மிஞ்சியவர்' என்று சொல்வதுபோல் இருக்கிறதல்லவா? அவர்களை எந்த நேரத்தில் களம் இறக்குவது என்பதைப் பற்றிச் சென்ற ஆண்டிலிருந்து நாங்கள் மிகவும் யோசித்துவிட்டோம். யோசிக்க வைத்த நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு குறுவட்டப் போட்டிக்காக நாங்கள் மலையிலிருந்து இறங்கிப் போனோம். சவ்வாது மலைப் பெண்களுக்கு ஓட்டம் புதிதல்ல. பள்ளி மைதானம் சரிவாக இருப்பதால், ஓடைப் பக்கம் உருண்டுவிட்ட பந்தை எடுத்துவரவே நாள்தோறும் நாங்கள் ஓடும் ஓட்டம் போதும். கீழே சமதரையில் ஆடியபோது கால்கள் தாமாகவே பறந்தன. முதல் ஆட்டத்தில் இடைவேளைக்குள் நான்கு கோல் அடித்துவிட்டோம். எதிர்க்குழுவில் சிலருக்குக் காலணிகூட இல்லை. ஆட்டம் முடிந்தபோது ஏழுக்குப் பூஜ்யம். அவர்களுடைய கோல்கீப்பர் வலைக்குள்ளேயே உட்கார்ந்து அழுதாள். நாங்கள் ஒருவரையொருவர் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

எங்கள் பெஞ்சில் அன்று ஐந்து பேர் இருந்தனர். அவர்களில் ஒருத்தி எட்டாம் வகுப்பு மாணவி, எங்கள் இரண்டாவது கோல்கீப்பர். மகள் ஆடுவதைப் பார்ப்பதற்காக அவளுடைய அப்பா தம் ஊரிலிருந்து இரண்டு மணி நேரம் நடந்து பேருந்து பிடித்து வந்திருந்தார். தோளில் துண்டுடன் வேலியோரம் நின்றுகொண்டே ஆட்டம் முழுவதையும் பார்த்தார். அவர் பார்க்க வந்த பெண் எழுந்திருக்கவே இல்லை. இடைவேளையில் உடற்கல்வி ஆசிரியை, "யாராவது இரண்டு பேர் உட்காருகிறீர்களா?" என்று கேட்டார். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் இன்னொரு கோல் வேண்டியிருந்தது. உண்மையைச் சொல்வதென்றால், அந்த நேரத்தில் பெஞ்சின் நினைவே எங்களுக்கு இல்லை.

மறுநாள் இறுதி ஆட்டம். ஆளுக்கொரு கோலாகச் சமநிலையில் இருந்தபோது எங்கள் கோல்கீப்பர் பந்தின்மேல் பாய்ந்து, கணுக்கால் பிசகிவிட்டாள். அந்த எட்டாம் வகுப்புப் பெண் கையுறையை மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள். ஓராண்டு முழுவதும் எங்களுடன் பயிற்சி செய்தவள்தான். ஆனால் விசில் ஊதப்பட்ட ஓர் ஆட்டத்தில், கூட்டம் கத்தும்போது, கோல்கம்பங்களுக்கு நடுவே அவள் நின்றது அதுவே முதல் தடவை. அவளிடம் வந்த முதல் பந்து, பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கக்கூடிய பந்து, விரல்களின் ஊடே நழுவி உள்ளே போய்விட்டது. தோற்றோம். திரும்பும்போது பேருந்தில் யாரும் அவளைக் கடிந்து பேசவில்லை. யாரும் அவள் பக்கத்திலும் உட்காரவில்லை. அவள் கையுறையை மடியில் வைத்துக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் முடியும்வரை வெளியே பார்த்தபடி வந்தாள்.

நேற்று ஏழு கோல் அடித்த ஆட்டத்தில் அவளை அரைமணி நேரம் நிற்க வைத்திருந்தால்? இந்தக் கேள்விதான் எங்களை விடவில்லை.

மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே கால்பந்தில் மிகப் பழமையானதன்று. உலகக் கோப்பைப் போட்டியில் ஆள் மாற்ற அனுமதித்தது 1970ஆம் ஆண்டு மெக்சிகோவில்தான், அதுவும் ஓர் ஆட்டத்திற்கு இரண்டு பேர் மட்டும். அதற்கு முன் ஒருவருக்குக் கால் முறிந்தாலும், மீதியுள்ள பத்துப் பேரே ஆடி முடிக்க வேண்டும். ஆகையால் யாரைப் பெஞ்சிலிருந்து எழுப்புவது என்ற முடிவை அந்நாளைய பயிற்சியாளர் ஆட்டம் தொடங்குமுன்பே எடுத்தாக வேண்டும்.

1962இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் குழுவின் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் அத்தகைய நிலையில்தான் இருந்தார். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. அடுத்து, தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் காய்ச்சலில் படுத்துவிட்டார். தங்கராஜ் நமக்குப் பெருமை தரும் பெயர். நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தின் குழுவில் வளர்ந்தவர். அந்தக் குழு 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. அவர் படுத்திருந்தபோது பிரத்யுத் பர்மன் கோலைக் காத்தார். இறுதி ஆட்டத்தில் மறுபடியும் தென்கொரியா. ரஹீம் அன்று நெடிய உருவம் கொண்ட தங்கராஜையே மீண்டும் நிறுத்தினார். தையல் போட்ட தலையுடன் பந்தை முட்டித் தடுக்க முடியாத ஜர்னைல் சிங்கை முன்வரிசைக்கு அனுப்பினார். அவரும் ஒரு கோல் அடித்தார். 2-1 என்று தங்கப் பதக்கம் கிடைத்தது. அதன்பின் இந்தியாவுக்குக் கால்பந்தில் ஆசியத் தங்கம் வரவில்லை.

தங்கராஜைப் பற்றிப் பேசுபவர்கள் பர்மனைப் பற்றிப் பேசுவதில்லை. முதல்வர் படுக்கையில் இருந்தபோது இரண்டாமவர் தாங்கி நின்றதால்தானே முதல்வர் திரும்பி வர ஓர் இறுதி ஆட்டம் மிச்சமிருந்தது? ஜர்னைல் சிங்கின் துணிச்சல் மெய்சிலிர்க்க வைக்கிறது. ஆனாலும் அதை இன்று பின்பற்றக் கூடாது. தலையில் அடிபட்டவருக்காகக் கூடுதலாக ஒரு மாற்று ஆளை இறக்கலாம் என்ற ஏற்பாடு 2024இல் கால்பந்துச் சட்டங்களில் சேர்ந்துவிட்டது. அடிபட்டவர் வெளியே வர வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

விவாதம் தொடங்குவது ஒருவருக்கும் அடிபடாதபோதுதான். நன்றாக ஆடிக்கொண்டிருப்பவரை எடுத்துவிட்டு, அவரைவிடச் சற்றுக் குறைந்தவரை ஏன் இறக்க வேண்டும்? அமெரிக்கக் கல்லூரிகளில் இந்தக் கேள்வியைப் பெரிதாக நினைக்கிறார்கள். அங்கே கால்பந்து என்பது நம் ஆட்டமன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடியும் எறிந்தும் ஆடுவது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். அலபாமா பல்கலைக்கழகக் குழுவில் இரண்டு ஆண்டுகளாக முதல் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ். 2017ஆம் ஆண்டுப் பருவத்தில், குழு பெரிய முன்னிலையில் இருந்த ஆட்டங்கள் பலவற்றில் பயிற்சியாளர் நிக் சேபன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு, துவா டாகோவைலோவா என்ற முதலாண்டு மாணவரை ஆடவிட்டார். வென்றுவிட்ட ஆட்டத்தில் மிச்சமிருக்கும் நிமிடங்களுக்கு என்ன மதிப்பு என்று அப்போது பார்த்தவர்கள் நினைத்திருக்கலாம். 2018 ஜனவரி 8ஆம் நாள் அட்லாண்டா நகரில் தேசிய இறுதி ஆட்டம். இடைவேளையில் அலபாமா 0-13 என்று ஜார்ஜியா பல்கலைக்கழகத்திடம் பின்தங்கியிருந்தது. சேபன் துவாவை இறக்கினார். கூடுதல் நேரத்தில் 26-23 என்று அலபாமா வென்றது.

இந்தக் கதையின் இரண்டாம் பகுதிதான் எங்களுக்கு அதிகம் பிடித்தது. இடம் பறிபோன ஹர்ட்ஸ் கோபித்துக்கொண்டு வேறு கல்லூரிக்குப் போகாமல், அடுத்த பருவத்தில் துவாவுக்கு மாற்று ஆளாக இருந்தார். 2018 டிசம்பர் 1ஆம் நாள், அதே அட்லாண்டா அரங்கில், அதே ஜார்ஜியாவுக்கு எதிராக, இப்போது துவாவுக்குக் காலில் அடி. 21-28 என்று பின்தங்கிய நிலையில் ஹர்ட்ஸ் எழுந்து போனார். 35-28 என்று வென்று கொடுத்தார். பதினொரு மாதத்துக்குள் இருவரும் ஒருவர் இடத்தை ஒருவர் நிரப்பினார்கள்.

வெல்லும்போது மட்டுமா, தோற்றுவிட்ட பிறகும் நல்ல சமயம் உண்டு. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜனை அறியாதவர் நம்மில் யார்? 2020இல் அவர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றது வலைப்பயிற்சியில் பந்து வீசிக்கொடுக்கத்தான். மூன்று ஒருநாள் ஆட்டங்களில் முதல் இரண்டையும் இந்தியா சிட்னியில் இழந்தது. தொடர் போய்விட்டது. டிசம்பர் 2ஆம் நாள் கான்பராவில் நடந்த மூன்றாவது ஆட்டத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். இரண்டு விக்கெட் எடுத்தார், இந்தியா 13 ரன்னில் வென்றது. தொடரின் முடிவை மாற்றாத ஆட்டம்தான். ஆனால் 2021 ஜனவரி 15ஆம் நாள் பிரிஸ்பேனில் நான்காவது டெஸ்ட் தொடங்கியபோது பும்ரா, அஸ்வின், ஜடேஜா, ஷமி, உமேஷ் யாதவ் ஒருவரும் ஆடும் நிலையில் இல்லை. நடராஜனும் சென்னை வாஷிங்டன் சுந்தரும் ஒரே நாளில் டெஸ்ட் களத்தில் முதன்முதலாக இறங்கினார்கள். முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட். இந்தியா 186க்கு 6 விக்கெட் இழந்து தத்தளித்தபோது வாஷிங்டன் 62 ரன்னும் ஷர்துல் தாகூர் 67 ரன்னும் எடுத்தார்கள். 1988க்குப் பிறகு அந்த மைதானத்தில் தோல்வியே கண்டிராத ஆஸ்திரேலியா, மூன்று விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. பிரிஸ்பேன் வருமுன்பே இந்திய உடையில் ஆஸ்திரேலிய மட்டையாளர்களுக்குப் பந்து வீசி, அந்த நடுக்கத்தை நடராஜன் கான்பராவிலேயே தீர்த்துக்கொண்டிருந்தார் என்பது எங்கள் எண்ணம்.

அப்படியானால் எல்லா ஆட்டத்திலும் எல்லோரையும் இறக்கிவிடலாமா? எங்களுக்குள் இதில் கருத்து வேறுபாடு உண்டு. ஒருவரும் வருந்தக் கூடாது என்பதற்காக, ஒரு கோல் வித்தியாசத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும் ஆட்டத்தில், தயாராகாத பெண்ணைத் தள்ளிவிடுவது அவளுக்கும் நல்லதன்று என்றே எங்களில் பெரும்பாலோர் கருதுகிறோம். நெருக்கடியில் இறக்கினால் அது அவளால் மட்டும் ஆகக்கூடிய வேலைக்காக இருக்க வேண்டும். 2014 உலகக் கோப்பைக் காலிறுதியில், கோஸ்டாரிகாவுக்கு எதிரான ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லாதபோது, நெதர்லாந்து பயிற்சியாளர் லூயி வான் கால் கோல்கீப்பரை மாற்றி டிம் க்ரூலை நிறுத்தினார். பெனால்டிக்காகவே வந்த அவர் இரண்டு பெனால்டியைத் தடுத்து வெற்றி தேடித்தந்தார். அரையிறுதியில் மாற்றுகள் எல்லாம் முன்பே தீர்ந்துவிட்டதால் க்ரூல் பெஞ்சிலேயே இருக்க, பெனால்டியில் நெதர்லாந்து தோற்றது.

எதிர்க்குழுவையும் நினைக்க வேண்டும். அழுத அந்தக் கோல்கீப்பர் எங்கள் கண்ணில் இன்னும் நிற்கிறாள். நான்கு கோலுக்குப் பிறகு எங்கள் ஐந்து பேரும் இறங்கியிருந்தால் அவளுக்கும் அது ஓர் ஆட்டமாக இருந்திருக்கும். எங்கள் ஐவரும் விளையாட்டுக்காக விட்டுக்கொடுத்து ஆடாமல், முழு மூச்சோடு ஆடியிருப்பார்கள். விட்டுக்கொடுப்பது ஏழு கோலைவிடப் பெரிய அவமானம்.

இந்த ஆண்டு போட்டிக்கு முன் நாங்கள் உடற்கல்வி ஆசிரியையிடம் போய், இடைவேளையில் மூன்று கோல் முன்னிலை இருந்தால் பழைய ஆட்டக்காரர்களில் ஐவர் உட்காருவோம், கோல்கீப்பரும் அதில் ஒருத்தி என்று நாங்களே சொன்னோம். "சென்ற ஆண்டு கேட்டபோது எங்கே போயிருந்தீர்கள்?" என்று அவர் சிரித்தார். சொல்வது எளிதாக இருந்தது. முதல் ஆட்டத்தில் உட்கார்ந்தபோது கால் ஊறியது. புதியவர்கள் இரண்டு கோல் விட்டுவிட்டார்கள், எங்கள் முன்னிலை ஒன்றாகக் குறைந்தது. பார்க்க வந்த பெற்றோரில் சிலர், "நன்றாக ஆடுகிற பிள்ளையை ஏன் உட்கார வைத்தீர்கள்?" என்று ஆசிரியையிடம் சண்டைக்குப் போனார்கள். எங்களில் ஒருத்தியின் அம்மாவும் அவர்களில் ஒருவர். ஒரு கோலில் வென்றோம். அரையிறுதியில் 2-1 என்று இருந்தபோது யாரையும் மாற்றவில்லை. பெஞ்சில் இருந்தவர்களும் முகம் சுளிக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் பெனால்டியில் தோற்றோம். ஆகவே கோப்பை இந்த ஆண்டும் வரவில்லை.

அந்த அப்பா இந்த முறையும் வந்திருந்தார். முதல் ஆட்டத்தில் அவருடைய மகள் பிற்பாதி முழுவதும் நின்றாள். அவளுக்குள் போன இரண்டு கோலில் ஒன்று அவள் தவறு, மற்றது எங்கள் தற்காப்பின் தவறு. மூன்றாவதாக வந்த பந்தை மட்டும் இடப்பக்கம் பாய்ந்து விரல்நுனியால் வெளியே தட்டிவிட்டாள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நம் பள்ளியில் பத்தாம் வகுப்புதான் கடைசி. எங்கள் குழுவில் ஏழு பேர் இந்த ஆண்டோடு போகிறோம். அடுத்த ஆண்டு முதல் கையுறை அவளுடையது. ஏழாம் வகுப்பிலிருந்து ஒரு சிறுமியைத் தனக்கு இரண்டாவதாகத் தேர்ந்தெடுத்து, மாலையில் ஓடைப் பக்கம் அவளுக்குப் பந்து எறிந்துகொண்டிருக்கிறாள்.