வால்வில் கிருமியா? குடலையும் பாருங்கள்!

ரெண்டு, மூணு வாரமாக விட்டு விட்டுக் காய்ச்சல். ராத்திரியில் வியர்வை. பசியில்லை, எடை குறைகிறது. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டால் காய்ச்சல் இறங்குகிறது. விட்டால் திரும்ப வந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால் அலட்சியம் வேண்டாம். இதய வால்வில் கிருமி தொற்றியிருக்கலாம். டாக்டர்கள் இதை 'எண்டோகார்டைடிஸ்' என்பார்கள்.

ரத்தத்தில் கலந்த கிருமி, ஏற்கெனவே பழுதான வால்வில் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். அங்கே சின்னக் கட்டி போல வளரும். அதில் ஒரு துணுக்கு பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம் வரலாம்.

புற்றுநோய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேலோலிட்டிகஸ்' என்று ஒரு கிருமி. பழைய பெயர் 'போவிஸ்'. சிலருடைய குடலில் சும்மா இருக்கும். பெருங்குடலில் பாலிப் எனும் சதை வளர்ச்சியோ, புற்றுநோயோ இருந்தால், அந்த இடத்தின் வழியாக ரத்தத்துக்குள் நுழைந்துவிடும். இந்தத் தொடர்பை 1977-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டினார்கள்.

ஆகவே, ரத்தத்தில் இந்தக் கிருமி தெரிந்தால், "எனக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லையே" என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். கொலனாஸ்கோபி செய்துகொள்ளுங்கள். பாலிப் இருந்தால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடலாம். புற்றுநோயாக மாறுமுன் தப்பித்தீர்கள்!

கீமோதெரபி எடுப்பவர்களா?

உங்களுக்கு வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சில் வைத்த 'போர்ட்' வழியாகவும் கிருமி நுழையலாம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மறக்கக்கூடாத மூன்று

* நீங்களாக ஆன்டிபயாடிக் போடாதீர்கள். அதைப் போட்டபின் ரத்தம் எடுத்தால், 'பிளட் கல்ச்சர்' சோதனையில் கிருமி வளராமல் போகலாம். எந்தக் கிருமி என்று தெரியாமல் சரியான மருந்து தருவது கஷ்டம்.

* சாதாரண எக்கோவில் தெரியாததை, உணவுக்குழாய் வழியே எடுக்கும் எக்கோ காட்டிக் கொடுக்கும். டாக்டர் சொன்னால் பயப்படாமல் சம்மதியுங்கள்.

* மருந்தைப் பெரும்பாலும் ரத்தக் குழாய் வழியாக 4 முதல் 6 வாரம் ஏற்ற வேண்டும். காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தினால், கிருமி மறுபடி தலைதூக்கும். வால்வு ரொம்பப் பழுதாகிவிட்டால் ஆபரேஷனும் தேவைப்படலாம்.

பழைய வால்வுக் கோளாறோ, மாற்று வால்வோ உள்ளவர்கள், அதை எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் சொல்லிவிடுங்கள்.