கேமரா ஈரத்தைப் பார்ப்பதில்லை

ஏழு மாடி அலுவலகக் கட்டடம். மூன்றாம் மாடி மீட்டிங் அறையின் ஃபால்ஸ் சீலிங்கில் பழுப்புக் கறை. நடுவில் இத்தனை மாடி இருந்தும் மொட்டை மாடி மீதுதான் பழியைப் போடுவார்கள். சென்னை போன்ற கடலோர ஊரில் பல நேரம் இதற்கு மழை காரணமே இல்லை. காற்று 30 டிகிரி வெப்பத்திலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் இருந்தால், 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பும் வியர்க்கும். ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரிலிருந்து வரும் குழாயிலோ ஏறத்தாழ 7 டிகிரித் தண்ணீர் ஓடுகிறது. அதைச் சுற்றிய உறை சிறிது கிழிந்தாலே சொட்டு விழும்.

ஈரம் வரும் இடத்தை, எதையும் உடைக்காமல் தேடத்தான் தெர்மல் கேமரா. சிவில் டிப்ளமோ முடித்தவர்களும் ஏசி மெக்கானிக்குகளும் கற்றுக்கொண்டால் நல்ல தொழில். ஒன்றை மட்டும் முதல் நாளே மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: இந்தக் கேமரா சுவருக்குள் ஊடுருவாது. மேற்பரப்பின் வெப்பத்தைத்தான் காட்டும். அந்த வெப்பத்தை ஈரமாகப் படிப்பது உங்கள் வேலை.

எனவே நேரம் பார்ப்பதில்தான் பாதித் திறமை. அறைக்குள் ஈரம் ஆவியாகும்போது சுவர் குளிர்ந்து தெரியும்; வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான். மொட்டை மாடியில் கதை தலைகீழ். நீர் உறிஞ்சும் வெப்பத்தடுப்பு அடுக்கு நனைந்திருந்தால், பகல் வெயிலை வாங்கிவைத்துக்கொண்டு மெதுவாகத்தான் ஆறும். பொழுது சாய்ந்து ஓரிரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அந்தப் பகுதி மட்டும் சூடாக நிற்கும். அதற்கு நல்ல வெயில் அடித்த பகல் வேண்டும். தளத்தின் மேல் தண்ணீர் தேங்கியிருக்கக் கூடாது. பலத்த காற்றும் கூடாது. மழை விட்ட கையோடு "இப்பவே வாங்க சார்" என்று ஃபெசிலிட்டி மேனேஜர் கூப்பிட்டாலும், போகாதீர்கள்.

ஏமாற்றும் படங்களும் உண்டு. ஏசி காற்று நேரே படும் சுவர் குளிர்ந்து, விசிறிபோல விரிந்து தெரியும். ஏசியை அரை மணி நேரம் நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். காற்றால் வந்த குளிர் கலையத் தொடங்கும், ஈரத்தின் குளிர் தங்கும். கண்ணாடியும் பளபளக்கும் அலுமினியமும் எதிரில் நிற்கும் உங்கள் உடல் சூட்டையே திருப்பிக் காட்டும். எல்லாவற்றையும்விட ஆபத்து கேமராவின் ஆட்டோ அளவுகோல். அரை டிகிரி வித்தியாசத்தைக்கூடச் சிவப்பும் நீலமுமாக ஊதிக்காட்டிவிடும். வெப்ப எல்லையை நீங்களே நிர்ணயம் செய்யுங்கள்.

சந்தேகப்பட்ட ஒவ்வோர் இடத்திலும் ஈரத்தை அளக்கும் மாய்ஸ்சர் மீட்டரை வைத்துப் பாருங்கள். பக்கத்திலுள்ள காய்ந்த சுவரிலும் ஓர் அளவு எடுத்து ஒப்பிடுங்கள். இது இல்லாமல் அறிக்கையில் 'கசிவு' என்று எழுதக் கூடாது என்பேன். அந்த ஒரு சொல்லை நம்பி நல்ல சுவரை இடித்துவிடுவார்கள்.

கையில் பணம் குறைவென்றால் முதலில் மீட்டரை வாங்குங்கள். கேமராவை வாடகைக்கு எடுக்கலாம். வாங்கும்போது 320 × 240 பிக்சலும், 0.05 டிகிரி அல்லது அதைவிட நுண்ணிய வேறுபாட்டை உணரும் திறனும் இருக்கட்டும். அழிவிலாச் சோதனைச் சான்றுக்கான ஐஎஸ்ஓ 9712 தரத்தில் வெப்பப்படமும் ஒரு முறை. அந்தச் சான்றின் லெவல் 1-இல் தொடங்கி, லெவல் 2-ஐ இலக்காக வையுங்கள்.

பழுதுபார்த்துச் சுவர் காய்ந்தபின், முன்பு நின்ற இடத்தில் நின்று, அதே வெப்ப எல்லையில் மறுபடம் எடுத்துத் தருவதையும் விலைப்புள்ளியிலேயே சேர்த்துவிடுங்கள். அதற்குத் தனிக் கட்டணமும் போடுங்கள்.