பழைய காரும் சரியான கருவியும்

பிரிட்டனில் செய்த பழைய கார்கள் சில இன்றும் ஓடுகின்றன. மாரிஸ் மைனர் அப்படி ஒரு கார். அது 1948-இல் வந்தது. நம் நாட்டு அம்பாசிடரும் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பிரிட்டிஷ் காரின் வழியில் வந்ததுதான். மேற்கு வங்கத்தில் உத்தரபாரா ஆலையில் 2014 வரை அதைச் செய்தார்கள்.

ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் பலகையின் பெயர் டேஷ்போர்டு. மீட்டர்களும் சுவிட்சுகளும் அதில்தான் இருக்கும். பின்னால் ஒயர் பழுதானால் இவற்றைக் கழற்ற வேண்டும். சிலர் திருப்புளியை வைத்து நெம்புவார்கள். சுத்தியலால் தட்டுவார்கள். வளையம் கீறிப்போகும். குமிழ் உடையும். பழைய காருக்கு மாற்றுப் பாகம் எளிதில் கிடைக்காது. ஆகவே கை வைக்கும் முன் சரியான கருவியைத் தேட வேண்டும்.

முதல் வேலை

முதலில் பாட்டரியின் எர்த் ஒயரைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் தீப்பொறி பறக்கும். ஒயர் எரியும். பல பழைய பிரிட்டிஷ் கார்களில் பிளஸ் முனைதான் எர்த். எந்த ஒயர் காரின் உடலில் சேர்கிறது என்று பார்த்துக் கழற்ற வேண்டும்.

எதற்கு எந்தக் கருவி?

குமிழ்: பல குமிழ்களின் அடியில் சிறு துளை இருக்கும். உள்ளே ஸ்பிரிங் வைத்த ஊசி உண்டு. மெல்லிய கம்பியால் அதை அழுத்தினால் குமிழ் கையோடு வரும். இழுத்து உடைக்க வேண்டாம்.

சுவிட்ச் வளையம்: வளையத்தின் முகத்தில் எதிரெதிராக இரண்டு வெட்டுகள் இருக்கும். அதற்கு இரண்டு பல் உள்ள கருவி வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால் பட்டறையிலேயே செய்யலாம். வளையத்தின் அளவுக்கு ஓர் இரும்புக் குழாய்த் துண்டு போதும். இரண்டு பல் மட்டும் நிற்கும்படி அதன் நுனியை அரத்தால் ராவ வேண்டும்.

மீட்டர்: இதை முன்பக்கம் நெம்பக் கூடாது. பின்னால் ஒரு பட்டையும் சிறு நட்டுகளும் பிடித்திருக்கும். பல கார்களில் இந்த நட்டுகளை விரலாலேயே திருகலாம்.

ஸ்பானர்: ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1841-இல் திருகு மரைகளுக்கு ஒரே அளவுமுறையை வகுத்தார். பழைய பிரிட்டிஷ் கார்களின் பல போல்ட்டுகள் அந்த முறையில் வந்தவை. அவற்றில் ஒன்றின் தலை 11.3 மில்லிமீட்டர். அதில் 11 ஸ்பானர் நுழையாது. 12 ஸ்பானர் ஆடும். ஆடும் ஸ்பானர் போல்ட்டின் மூலைகளை மழுக்கிவிடும். பிறகு எந்த ஸ்பானரும் பிடிக்காது.

எழுத்து உதவும்

கழற்றும் ஒவ்வோர் ஒயரிலும் சீட்டு ஒட்ட வேண்டும். "விளக்கு", "ஹாரன்" என்று எழுத வேண்டும். திருகுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுத வேண்டும். பத்து நாள் கழித்து நினைவு தவறலாம். எழுதி வைத்தது தவறாது. ஒயரை மாற்றி இணைத்தால் கார் தீப்பிடிக்கவும் கூடும்.

பலம் எல்லோரிடமும் உண்டு. எங்கே பிடித்திருக்கிறது என்று பார்ப்பவரே நல்ல தொழிலாளி.

பயிற்சி

1. எர்த் ஒயரை ஏன் முதலில் கழற்ற வேண்டும்?
2. ஆடும் ஸ்பானரால் என்ன கெடுதல்?
3. உங்கள் தொழிலில் நீங்களே செய்துகொண்ட கருவி எது? அதைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள்.